மொய் நோட்டும் விசிட்டிங் கார்டும்

திருச்சியில் காலை ஏழு மணிக்கு நடக்கும் பிசினஸ் நெட்வொர்க் மீட்டிங்குக்கு விக்கிரமங்கலத்திலிருந்து போக வேண்டுமென்றால், நாலு மணிக்கு அலாரம் வைக்க வேண்டும். அரியலூர் வரை பைக். அங்கிருந்து ரயிலோ பஸ்ஸோ, எது முதலில் கிடைக்கிறதோ அது. மீட்டிங் முடிந்து, இட்லி சாப்பிட்டு, நாலு பேருக்குக் கை கொடுத்து, ஊர் திரும்பிக் கடை ஷட்டரைத் தூக்கும்போது மணி பதினொன்றரை. அரை நாள் வியாபாரம் போச்சு. வருடச் சந்தா தனி, டிபன் காசு தனி, பெட்ரோல் தனி.

இவ்வளவும் செலவழித்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்து கைதட்டி, குரூப் போட்டோவில் பல்லைக் காட்டிவிட்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்து, “சேர்ந்து ஒரு பிரயோஜனமும் இல்லை சார்” என்பார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படிப் புலம்பியவன்தான். தப்பு என்னுடையது என்று புரிவதற்கு ஒரு வருடச் சந்தா செலவாயிற்று.

சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஆபீஸ் வைத்திருப்பவருக்குத் திருச்சி தெரியும். அந்த அறையில் இருக்கும் நாற்பது பேருக்கும் திருச்சி தெரியும். ஆனால் விக்கிரமங்கலம், முத்துவாஞ்சேரி, ஸ்ரீபுரந்தான், தா.பழூர் பக்கம் யார் மாடி எடுக்கிறார்கள், யார் டிராக்டரை மாற்றப்போகிறார்கள், சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த பையன் எந்த மனையைப் பேசிக்கொண்டிருக்கிறான் என்பதெல்லாம் அங்கே உங்கள் ஒருவருக்குத்தான் தெரியும். உங்கள் கையில் இருக்கும் சரக்கு அதுதான். வாராவாரம் அதைக் கொண்டுபோய் இறக்குங்கள். தூரத்தில் இருக்கிறோம் என்பது அப்போது குறையாகத் தெரியாது.

சந்தா கட்டிக் குழுவாகக் கூடி ஒருவருக்கொருவர் வியாபாரம் அனுப்புவதெல்லாம் அமெரிக்காக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இவான் மிஸ்னர் கலிபோர்னியாவில் பி.என்.ஐ. என்ற பிசினஸ் நெட்வொர்க் அமைப்பைத் தொடங்கியது 1985-இல். ஒரு சேப்டரில், அதாவது ஒரு உள்ளூர்க் குழுவில், ஒரு தொழிலுக்கு ஒருவர்தான், வாரம் ஒரு மீட்டிங், கொடுப்பவருக்குக் கிடைக்கும் என்பது கொள்கை. தொழிலுக்கு ஒருவர் என்ற விதியை, 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் ஆரம்பித்த ரோட்டரி முன்பே வைத்திருந்தது. ஆனால் 1088-லேயே சுமத்ரா தீவின் பாரூஸில், திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு, கப்பல் தலைவரும் ஆட்களும் கட்ட வேண்டிய கட்டணத்தைத் தமிழில் கல்லில் வெட்டி வைத்துவிட்டது. விக்கிரம சோழன் பட்டத்துக்கு வருவதற்கு முப்பது வருடம் முந்திய சங்கதி இது. அவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் ஊரில் இருந்துகொண்டு, சந்தா கேட்கிறார்களே என்று முணுமுணுப்பது நன்றாக இல்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

1. பணம் கட்டுமுன் பட்டியலைப் பாருங்கள். உங்கள் தொழிலுக்கு இடம் காலியா என்பது முதல் கேள்வி. உங்களுக்கு வேலை அனுப்பக்கூடியவர்கள் உள்ளே இருக்கிறார்களா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. ஹாலோ பிளாக் போடுகிறவருக்கு சிவில் இன்ஜினியர், எலக்ட்ரீஷியன், பெயின்ட் கடைக்காரர், ஹோம் லோன் ஏஜென்ட் வேண்டும். சாஃப்ட்வேர்காரர்களும் டயட்டீஷியன்களும் நிறைந்த குழுவில் சேர்ந்தால் அவருக்கு மிஞ்சுவது இட்லி மட்டும்தான். விசிட்டராக ஒரு முறை போய்ப் பார்க்க விடுவார்கள். போங்கள், யார் யார் என்று கேளுங்கள், பிறகு முடிவெடுங்கள். ரோட்டரி, லயன்ஸ், ஜே.சி.ஐ., வணிகர் சங்கம் என்று எல்லா இடத்திலும் பெயர் கொடுக்காதீர்கள். வாரக் கூட்டம் ஒன்று, மாதக் கூட்டம் ஒன்று. அதற்கு மேல் போனால் கடையைப் பார்க்கத் தனியாக ஆள் போட வேண்டிவரும்.

2. அறுபது செகண்டில் ஒரே ஒரு ஆளைக் கேளுங்கள். மீட்டிங்கில் ஆளுக்கு ஒரு நிமிடம் தருவார்கள். சொட்டுநீர்ப் பாசனம் போட்டுத் தருகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக அவர் பேசுவது இப்படி இருக்கும்: “வணக்கம். சொட்டுநீர், தெளிப்புநீர், பைப், மோட்டார் எல்லாம் செய்கிறோம். குறைந்த விலை, நிறைந்த தரம். யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள்.” யாருக்கு வேண்டுமானாலும் என்றால் யார் முகமும் ஞாபகத்துக்கு வராது. கைதட்டல் வரும், போன் வராது.

இப்போது இதைப் பாருங்கள்: “சொட்டுநீருக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதம் மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். சிறு விவசாயி சான்று வாங்க யார் அலைவது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அந்த பேப்பர் வேலைக்கு நான் கூடவே வருகிறேன். இந்த வாரம் எனக்கு ஒரே ஒரு ஆள் வேண்டும். ஐந்து ஏக்கருக்குள் நிலம், புதிதாகப் போர் போட்டவர். போர்வெல் அண்ணே, போன வாரம் நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.”

போர்வெல் அண்ணன் கை தானாகச் சட்டைப் பையிலிருக்கும் போனுக்குப் போகும். கேட்டது சின்னது, அவரால் அந்த இடத்திலேயே கொடுக்க முடிந்தது. வாராவாரம் ஆளை மாற்றுங்கள். போன வாரம் பேசியதையே பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே எல்லாரும் போனைப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

3. மொய் நோட்டைத் திறந்து வையுங்கள். காதுகுத்துக்கு 1,001 எழுதியவர் வீட்டு விசேஷத்தில் 500 எழுதினால் என்ன ஆகும் என்று நம் ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து என்றே தனியாக நடத்துகிறார்கள். கறிச்சோறு போட்டு, வந்த மொய்ப் பணத்தைக் கொண்டு தொழிலில் இறங்குகிறவர்கள் அங்கே உண்டு. வாங்கியதைத் திருப்பும்போது கொஞ்சம் கூட்டிச் செய்ய வேண்டும். அந்தக் கூடுதல் தொகையில்தான் அடுத்த கணக்கு ஆரம்பிக்கிறது. கணக்கு என்றைக்கும் நேராகிவிடுவதில்லை, அதனால் உறவும் அறுந்துபோவதில்லை. நெட்வொர்க் ஓடுவதும் இந்தக் கணக்கில்தான். மேடையில் அதற்கு ஆங்கிலப் பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவே.

நூறு பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். நாலு கட்டம் போடுங்கள். யார், என்ன கேட்டார், நான் என்ன கொடுத்தேன், அது என்ன ஆயிற்று. நாலாவது கட்டத்தை நிரப்பாதவர்களே அதிகம். நம்பரைக் கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று இருந்துவிடுவார்கள். பத்து நாள் கழித்து, “அண்ணே, அந்த உடையார்பாளையம் பார்ட்டி என்ன சொன்னார்?” என்று ஒரு போன் போடுங்கள். வேலை முடிந்திருந்தால், உங்களால் வந்த வேலை என்பது அவருக்கு இன்னொரு முறை ஞாபகம் வரும். முடியாமல் போயிருந்தால் ஏன் என்று தெரியும். இரண்டுமே உங்களுக்கு லாபம்.

கொடுப்பதை மனசுக்கும் விடாதீர்கள். சிவகாசி, விருதுநகர் பக்கம் நாடார் உறவின்முறைகள் மகமை என்று வைத்தார்கள். கைமாறும் சரக்கில் இத்தனைக்கு இவ்வளவு என்று பொது நிதிக்கு எடுத்துவைப்பது. இஷ்டப்பட்டால் கொடு என்று விட்டிருந்தால் அந்த நிதியில் பள்ளிக்கூடங்கள் எழுந்திருக்காது. அதே சமூகத்தார்தான் 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கினார்கள். இன்றைக்கு அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. நீங்களும் உங்களுக்கென்று ஒரு மகமை வையுங்கள். வாரத்துக்கு ஒரு உருப்படியான தகவல், யாராவது ஒருவருக்கு. ஞாயிறு ராத்திரிக்குள் கொடுத்துவிட வேண்டும்.

4. தனிச் சந்திப்புக்கு உங்கள் ஊருக்குக் கூப்பிடுங்கள். ‘ஒன் டு ஒன்’ என்று மால் காபி ஷாப்பில் உட்கார்ந்து ப்ரோஷர் மாற்றிக்கொள்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அரியலூரிலிருந்து கிளம்பி, சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்களுக்கு வழிவிட்டுக்கொண்டே உங்கள் கடைக்கு வந்து சேர்ந்த ஆள் அந்தப் பயணத்தை மறக்க மாட்டார். ராம்கோ, டால்மியா, அல்ட்ராடெக், அரசின் டான்செம் என்று இத்தனை சிமென்ட் ஆலை இருக்கும் மாவட்டத்தில் எத்தனை லாரி, எத்தனை டிரைவர், எத்தனை டயர், எத்தனை இன்சூரன்ஸ் என்று வண்டியில் வரும்போதே மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பார். கடையைச் சுற்றிக் காட்டுங்கள். பிறகு நீங்கள் குறைவாகப் பேசி, மூன்று கேள்வி கேளுங்கள். உங்களுக்கு நல்ல லாபம் கொடுக்கிற கஸ்டமர் எப்படிப்பட்டவர்? எந்த மாதிரி கஸ்டமர் வேண்டவே வேண்டாம்? ஒருவருக்கு உங்கள் சர்வீஸ் தேவை என்று அவர் பேச்சை வைத்து நான் எப்படிக் கண்டுபிடிப்பது? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை அப்படியே நோட்டில் எழுதுங்கள். “கரண்ட் பில் ஏறிப்போச்சு” என்று யாராவது டீக்கடையில் அலுத்துக்கொண்டால், சோலார்காரர் ஞாபகம் உங்களுக்கு வர வேண்டும்.

5. வாட்ஸ்அப் குரூப்பில் பூ போடாதீர்கள். குட் மார்னிங் ரோஜாவால் ஒருவருக்கும் ஆர்டர் வந்ததில்லை. வாரத்தில் ஒரு பதிவு போதும், ஆனால் அதைப் படிக்கிறவர் சேமித்து வைக்க வேண்டும். உதாரணத்துக்கு ஒன்று: உத்யம் பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினால், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுக்க வேண்டும். 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்த வருமான வரித் திருத்தத்தின்படி, தாமதித்தால் பணத்தைக் கொடுக்கும் வரை அந்தச் செலவை வாங்கியவர் கணக்கில் கழிக்க முடியாது. வாங்கி விற்கும் டிரேடர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, உற்பத்தியும் சர்வீஸும் செய்பவர்களுக்குத்தான். இதை ஐந்து வரியில் எழுதி, “உத்யம் பதிவு இலவசம், ஏஜென்ட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்” என்று முடியுங்கள். பாக்கி வசூலாகாமல் தவிக்கும் நாலு பேர் அன்றைக்கே தனியாக மெசேஜ் போடுவார்கள்.

ஊர்ச் செய்தியும் அப்படித்தான். ஜெயங்கொண்டம் சிப்காட்டில் தைவான் காலணி நிறுவனத்தின் தொழிற்சாலைக்கு 2024 நவம்பரில் முதல்வர் அடிக்கல் நாட்டினார். அந்த போட்டோவை எல்லாரும்தான் பார்வர்டு செய்தார்கள். கேன்டீன், ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ், யூனிபார்ம், லேடீஸ் ஹாஸ்டல் என்று அந்த மாதிரி ஒரு தொழிற்சாலையைச் சுற்றி என்னென்ன தொழில் வரும் என்று பட்டியல் போட்டு, எதிரே குழுவில் யாருக்குப் பொருந்தும் என்று எழுதுகிறவரை மொத்த குரூப்பும் நிமிர்ந்து பார்க்கும்.

6. தெரியாத ஆளுக்குச் சான்று கொடுக்காதீர்கள். இதில் நான் அடிபட்டிருக்கிறேன். குழுவில் ஒரு இன்டீரியர்காரர். பேச்சு அருமை, போட்டோக்கள் அதைவிட அருமை. செய்த வேலையை நேரில் பார்க்காமல் என் பழைய கஸ்டமர் ஒருவருக்கு அனுப்பிவைத்தேன். அட்வான்ஸ் வாங்கினார், சமையலறையைப் பிரித்துப் போட்டார், இரண்டு மாதம் ஆளைக் காணோம். அந்த வீட்டம்மா ஹாலில் அடுப்பு வைத்துச் சமைத்துக்கொண்டே எனக்குப் போன் செய்தார். திட்டவில்லை. “உங்களை நம்பித்தான் தம்பி கொடுத்தோம்” என்றார். திட்டியிருக்கலாம். வேறு ஆளை வைத்து வேலையை முடித்துக் கொடுத்தேன். ஆனாலும் அந்த வீட்டிலிருந்து அதன்பிறகு எனக்கு ஆர்டர் வரவில்லை. அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். முதலில் என் வீட்டிலோ கடையிலோ அவருக்கு ஒரு சின்ன வேலை. சொன்ன தேதிக்கு முடித்தால்தான் அடுத்தவர் வாசலைக் காட்டுவேன்.

7. யாருக்கும் வேண்டாத வேலையைக் கேட்டு வாங்குங்கள். தலைவர் பதவிக்குப் போட்டி இருக்கும். வாசலில் நின்று விசிட்டர்களை வரவேற்கும் வேலைக்கு இருக்காது. அந்த வேலையில் இருப்பவரைத்தான் புதிதாக வரும் ஒவ்வொருவரும் முதலில் பார்க்கிறார், முதல் விசிட்டிங் கார்டும் அவர் கைக்குத்தான் போகிறது. வேலை தேடும் தம்பி, தங்கைகளுக்கும் இதே யோசனைதான். டிப்ளமோ முடித்துவிட்டு ரெஸ்யூமே அனுப்பிக்கொண்டிருப்பவர், தொழிலுக்கு ஒருவர் என்று சேர்க்கும் குழுக்களில் உறுப்பினராக முடியாது. ஆனால் சங்கத்து விழாவில் ரிஜிஸ்ட்ரேஷன் மேஜையில் உட்கார ஆள் தேடுவார்கள். போய் உட்காருங்கள். இருநூறு பேரின் பெயரையும் தொழிலையும் உங்கள் கையால் எழுதுவீர்கள். மறுநாள் அதில் ஐந்து பேருக்கு, நேற்று அவர்கள் சொன்ன ஒரு விஷயத்தைக் குறிப்பிட்டு மெசேஜ் போடுங்கள். அன்றைக்கே வேலை கேட்காதீர்கள். அடுத்த வாரம் கேளுங்கள்.

8. வர முடியாத வாரத்தையும் வீணாக்காதீர்கள். பி.என்.ஐ. போன்ற அமைப்புகளில் ஆறு மாதத்தில் மூன்று முறைதான் வராமல் இருக்கலாம், அதற்கு மேல் போனால் உங்கள் சீட் வேறொருவருக்குப் போய்விடலாம். பதிலுக்கு ஆள் அனுப்ப அனுமதி உண்டு. பெரும்பாலும் கடைப் பையனை அனுப்பி ஒப்பேற்றுகிறார்கள். தொழில் தெரிந்த, வாய் திறந்து பேசக்கூடிய மச்சானையோ தங்கையையோ அனுப்புங்கள். உங்கள் அறுபது செகண்டை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

போனவர் திரும்பி வந்ததும் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “என்னை யாராவது விசாரித்தார்களா?” போர்வெல் அண்ணன் கேட்டார், பெயின்ட் கடை அக்கா ஒரு நம்பர் கொடுத்துவிட்டார் என்று பதில் வந்தால் சந்தாவைப் புதுப்பியுங்கள். ஒருவரும் கேட்கவில்லையென்றால் இன்னும் மூன்று மாதம் நோட்டைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் யாரும் கேட்கவில்லையா? அந்த நாலு மணி அலாரத்தை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள். கடையையாவது ஒன்பது மணிக்குத் திறக்கலாம்.