கேள்வியின் இரு பொருள்

'கேள்வி' என்னும் தமிழ்ச் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வினவுதல் ஒன்று, காது கொடுத்துக் கேட்டல் மற்றொன்று. திருவள்ளுவர் 'கேள்வி' என ஓர் அதிகாரம் வகுத்தது இரண்டாம் பொருளில்தான். ஆய்வு வழிக் கற்றலுக்கு இவ்விரண்டும் வேண்டும். மாணவியரே வினா எழுப்பி, சோதித்து, விடை காண்பது முதற்பகுதி. அவ்வாறு கற்றது எப்படி இருந்தது என்று மாணவியரிடமும் ஆசிரியைகளிடமும் கேட்டறிவது இரண்டாம் பகுதி. நாம் மறந்துவிடுவது பெரும்பாலும் இதைத்தான்.

மறவாமல் செய்தவர்கள் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் 1972ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கிற்று; 1978இல் மாவட்டம் முழுவதும் பரவியது. பிள்ளைகள் சிறு குழுக்களாகச் சோதனை செய்தார்கள். ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, எந்தச் சோதனை வகுப்பில் சரிவரவில்லை, எந்தப் பகுதி பிள்ளைகளுக்கு விளங்கவில்லை என்று பேசினார்கள். 'பால வைஞானிக்' என்னும் அவர்களது பாடநூல் இத்தகைய கருத்துகளைக் கொண்டு திருத்தப்பட்டது. பிள்ளைகள் தம் ஐயங்களை எழுதி அனுப்ப 'சவாலிராம்' என்னும் கற்பனை மனிதர் இருந்தார். அவர் பெயரால் பதிலும் சென்றது. 2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவிட்டது. ஆயினும் அது காட்டிய வழி நமக்கும் உதவும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் தொழிற்சாலைகளுக்கிடையே ஏரிகளும் உள்ளன. மழைக்கு முன்னும் பின்னும் ஏரி நீரின் தெளிவை நால்வர் கொண்ட ஒரு குழு ஆராய்வதாகக் கொள்வோம். முடிவில் அழகிய வரைபடம் கண்காட்சியில் தொங்கும். ஆனால் நால்வரில் ஒருத்தி தலைப்புகளை வண்ணத்தில் எழுதியதோடு நின்றிருக்கலாம். வீட்டு வேலையின் பொருட்டு, பள்ளி விட்டபின் ஏரிக்கரைக்கு வர அவளால் இயலாமற்போயிருக்கலாம். வரைபடம் இதைச் சொல்லாது. அவளைக் கேட்டால்தான் தெரியும்.

எப்படிக் கேட்பது? "திட்டம் பிடித்ததா?" என்றால் எல்லோரும் "ஆம்" என்றே எழுதுவர். "எந்த இடத்தில் தடுமாறினாய்? ஆராய்ந்த வினா உன்னுடையதா, பிறர் தந்ததா? உன் கையால் செய்தது எது?" என்று கேட்க வேண்டும். பெயர் எழுதத் தேவையில்லை என்றால் அச்சம் நீங்கும். ஆசிரியைகளிடமும் பாடவேளை போதியதா, பொருள்கள் கிடைத்தனவா, எந்தக் கட்டத்தில் தாமே விடையைச் சொல்ல நேர்ந்தது என்று கேட்க வேண்டும்.

பிறகு இருவகை விடைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள், தோழியரே! ஆசிரியை "எளிது" என்று எழுதிய இடத்தில் மாணவியர் "விளங்கவில்லை" என்று எழுதியிருந்தால், முதலில் திருத்த வேண்டிய இடம் அதுவே.

இறுதியாக ஒன்று. கேட்டதனால் என்ன மாற்றம் செய்தோம் என்பதை அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்க வேண்டும். நீர் எடுக்கும் வேலையைப் பள்ளி நேரத்துக்குள் கொண்டுவந்தோம் என்ற ஒரு வரி போதும்; தான் சொன்னது வீண்போகவில்லை என்று அந்த நான்காம் மாணவி அறிந்துகொள்வாள். அடுத்த முறை வினாவை எழுப்புபவள் அவளாகவே இருக்கக்கூடும்.