செத்த காலேஜும் நம் ஊர்க் காட்சிசாலைகளும்

(இரண்டாமாண்டு பி.எஸ்சி., வேதியியல்)

"உள்ளூர் மாடு விலை போகாது" என்பது நம் பக்கத்துப் பழமொழி. இது மாட்டுக்கு மட்டுமன்று, அருங்காட்சியகங்களுக்கும் பொருந்தும். சென்னைக்குச் சுற்றுலா சென்றால் எழும்பூர் அருங்காட்சியகத்தைத் தவறாமல் பார்க்கிறோம். ஆனால் மதுரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களிடம், "தமுக்கத்துக்குப் பக்கத்தில் அரசு அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறதே, பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டால், "அப்படி ஒன்று இருக்கிறதா?" என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள். நம் காலடியில் இருக்கும் இத்தகைய காட்சிசாலைகளை ஒரே நாளில் எப்படிப் பார்க்கலாம், அவற்றிலிருந்து அறிவியல் மாணவர்களாகிய நாம் எதைக் கற்கலாம் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காட்சிசாலையின் கதை

இந்தியாவில் 1814-ஆம் ஆண்டு கல்கத்தாவில் தொடங்கப்பட்ட இந்திய அருங்காட்சியகமே முதன்மையானது. சென்னை அருங்காட்சியகம் 1851-இல் தோன்றியது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர். கற்களும் கனிமங்களும் மட்டும் இருந்தால் மக்கள் வருவார்களா என்று எண்ணிய அவர், 1855-இல் அங்கேயே உயிருள்ள விலங்குகளையும் வைத்தார். சென்னை உயிரியல் பூங்கா பிறந்த கதை இதுதான். பூங்கா பிற்காலத்தில் வேறிடம் சென்றுவிட்டது. ஆனால் சென்னைப் பொதுமக்கள் இரண்டுக்கும் அழகான பெயர்களைச் சூட்டிவிட்டார்கள். விலங்குகள் இருந்த இடம் "உயிர் காலேஜ்". பாடம் செய்த விலங்குகளும் பழம்பொருள்களும் இருந்த இடம் "செத்த காலேஜ்"!

இந்தப் பெயர்களைக் கேட்டுச் சிரிக்கலாம். சிரித்து முடித்தபின் சற்றே சிந்திக்கவும் வேண்டும். அக்காலத்தில் கல்லூரி வாசலை மிதிக்க வாய்ப்பில்லாத மக்களே இவற்றைக் "காலேஜ்" என்று அழைத்தார்கள். விண்ணப்பம் இல்லாமல், மதிப்பெண் பட்டியல் இல்லாமல், எழுத்தறிவே இல்லாமல் உள்ளே நுழைந்து கற்றுக்கொள்ளக் கூடிய கல்லூரி அது ஒன்றுதான் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள் போலும். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். ஆகவே இந்தப் பெயர் எனக்குக் கேலியாகத் தோன்றவில்லை, பெருமையாகவே தோன்றுகிறது.

முதல் இடம்: தமுக்கம்

கடந்த விடுமுறையில் ஒருநாள் என் தந்தையாரையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டேன். அவர் கிணறு வெட்டும் தொழிலாளி; உறை இறக்குவதில் கைதேர்ந்தவர். பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர். "அங்கெல்லாம் நமக்கு என்னப்பா வேலை?" என்றுதான் முதலில் கேட்டார். புளிச்சோற்றுப் பொட்டலத்தை அம்மா கையில் கொடுத்ததும் கிளம்பிவிட்டார்.

முதலில் சென்றது தமுக்கம் மைதானத்தை அடுத்துள்ள காந்தி நினைவு அருங்காட்சியகம். இராணி மங்கம்மாளின் கோடைக்கால அரண்மனையாக இருந்த கட்டடம் இது. 1959 ஏப்ரல் 15-இல் பிரதமர் நேரு இதனைத் திறந்து வைத்தார். 1948 சனவரி 30 அன்று சுடப்பட்டபோது காந்தியடிகள் அணிந்திருந்த இரத்தக்கறை படிந்த ஆடை இங்கே பாதுகாக்கப்படுகிறது. அவர் 1921 செப்டம்பர் 22-இல் முழு உடையைத் துறந்து அரையாடைக்கு மாறியதும் இதே மதுரையில்தான். ஏழை உழவர்களைக் கண்டு ஆடையைக் குறைத்த ஊரிலேயே, அவருடைய கடைசி ஆடையும் இருக்கிறது. இந்தப் பொருத்தத்தை எண்ணினால் மெய் சிலிர்க்கிறது.

பெரும்பாலோர் இதைப் பார்த்துவிட்டு அப்படியே வெளியேறிவிடுகிறார்கள். அதே வளாகத்தில் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தை எட்டிப் பார்ப்பவர் சிலரே. மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்த 1981-ஆம் ஆண்டில் தோன்றியது இது. கற்சிலைகள், செப்புத் திருமேனிகள், இயற்கை வரலாற்றுப் பொருள்கள் என அடக்கமான தொகுப்பு. கூட்டமில்லை, யாரும் நம்மை நகரச் சொல்வதில்லை. ஒரு சிலையின் முன் அரைமணி நேரம் நின்றாலும் கேட்பாரில்லை. சிறிய காட்சிசாலையின் முதற் சிறப்பே இதுதான் என்பேன்.

வேதியியல் மாணவர்கள் செப்புத் திருமேனிகளைப் பார்க்கும்போது பச்சை நிறத்தைக் கவனிக்க வேண்டும். செம்பு காற்றோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து உருவாகும் கார்பனேட்டுப் படலம் அது. அந்தப் பச்சை கெட்டியாக, வழுவழுப்பாக இருந்தால் சிலைக்குக் கவசம். வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்தால் ஆபத்து! மண்ணிலுள்ள உப்பின் குளோரைடு உள்ளே புகுந்து உலோகத்தைத் தின்கிறது என்று பொருள். இதனை வெண்கல நோய் என்கிறார்கள். இந்நோய்க்கு மருத்துவம் பார்க்கவே சென்னை அருங்காட்சியகத்தில் 1930-களில் வேதியியல் கூடம் அமைந்தது. பரமசிவன் என்ற வேதியியலார் அங்கே பணியாற்றினார். நோயுற்ற சிலையை எதிர்மின்வாயாக வைத்துக் காரக் கரைசலில் மின்னோட்டம் செலுத்தினால் குளோரைடு வெளியேறும். நாம் ஆய்வகத்தில் செய்யும் மின்னாற்பகுப்பு நடராசர் சிலையைக் காப்பாற்றும் என்று யார் நினைத்தோம்?

இரண்டாம் இடம்: மகால்

நண்பகலில் திருமலை நாயக்கர் மகாலை அடைந்தோம். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் 1636-இல் எழுப்பிய அரண்மனை. இன்று நாம் காண்பது பழைய அரண்மனையின் ஒரு பகுதி மட்டுமே. நாயக்கரின் பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்து பலவற்றைப் பெயர்த்துச் சென்றார். எஞ்சியதைப் பழுதுபார்த்தவர் 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு. சுவர்க்க விலாசத்தின் தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு மாலையில் ஒலி-ஒளிக் காட்சியைக் கண்டு திரும்புவோர் பலர். அருகிலுள்ள நாடகசாலையில் கற்சிலைகளைக் கொண்ட காட்சிக்கூடம் இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

இங்கே சிலைகளைவிட என்னைக் கவர்ந்தது சுவர். தூண்கள் கல்லல்ல, செங்கல்லின் மேல் சுண்ணாம்புச் சாந்து பூசி மெருகேற்றியவை. கிளிஞ்சலைச் சுட்டால் கால்சியம் கார்பனேட்டு சிதைந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. தண்ணீர் விட்டால் கொதித்து நீற்றுச் சுண்ணாம்பாகிறது. சுவரில் பூசியபின் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி மீண்டும் கார்பனேட்டாகவே இறுகுகிறது. கிளிஞ்சல் மறுபடியும் கிளிஞ்சலாகிறது எனலாம்! பளபளப்புக்காக முட்டை வெண்கருவும் சேர்த்தார்கள் என்பர். அதிலுள்ள புரதம் நல்ல பிசின். தந்தையார் தூணைத் தடவிப் பார்த்து, "அரைச்ச சாந்து. கையில எடுத்தா வெண்ணெய் மாதிரி வழுக்கணும், அப்பத்தான் இந்த வழவழப்பு வரும்" என்றார். வினையின் சமன்பாடு எனக்குத் தெரியும். சாந்தின் பதம் அவருக்குத் தெரியும்.

மூன்றாம் இடம்: கீழடி

பிற்பகலில் இராமேசுவரம் சாலையில் சிலைமானைக் கடந்து கீழடி சென்றோம். மதுரையிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர். எல்லை தாண்டி சிவகங்கை மாவட்டம். இங்கே நடுவண் அரசின் தொல்லியல் துறை 2014-15 முதல் மூன்று பருவங்கள் அகழாய்வு செய்தது. 2018 முதல் தமிழ்நாடு தொல்லியல் துறை தொடர்கிறது. கண்டெடுத்த பொருள்களுக்காகச் செட்டிநாட்டு வீட்டின் பாணியில் கட்டப்பட்ட அருங்காட்சியகம் 2023 மார்ச் 5-இல் திறக்கப்பட்டது. கீழடியின் பெயர் இன்று உலகறிந்தது. ஆயினும் அங்கே நேரில் சென்று பார்த்த நம் கல்லூரித் தோழர்கள் எத்தனை பேர்?

இங்கே பெரிய சிலைகள் இல்லை, பொற்குவியல் இல்லை. நூல் நூற்ற தக்களிகள், நெசவுக்கு உதவிய எலும்பு முனைகள், சூதுபவள மணிகள், சுடுமண் பகடைகள், கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள், அவற்றில் தமிழி எழுத்தில் கீறிய பெயர்கள் ஆகியவையே இருக்கின்றன. ஆதன், குவிரன் என்பன அப்பெயர்களுள் சில. இவர்கள் அரசர்கள் அல்லர். தம் பானை இன்னதென்று அடையாளம் தெரிய வேண்டும் என்று பெயர் கீறிய சாதாரண மனிதர்கள். எழுத்து அரண்மனைக்கு மட்டும் உரியதாக இல்லாமல் அடுப்படி வரை வந்திருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

காலத்தை எப்படிக் கணித்தார்கள்? உயிருள்ள பொருள்களில் கார்பன்-14 என்ற கதிரியக்க ஓரிடத்தான் சிறிதளவு உண்டு. உயிர் போனபின் புதிதாக அது சேராது. 5,730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். 2,600 ஆண்டுகளுக்கு முன் எரிந்த கரித்துண்டு என்றால் அதில் தொடக்கத்தில் இருந்த கார்பன்-14-இல் நூற்றுக்கு 73 பங்கு மிஞ்சியிருக்கும். கீழடியின் மாதிரிகள் அமெரிக்காவில் மியாமி நகரிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. அவற்றுள் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த ஒன்று கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று 2019-இல் வெளியான அறிக்கை கூறுகிறது. ஒரு கரித்துண்டின் வயது அந்த மண்ணடுக்கின் வயதைக் காட்டுமேயன்றி, எல்லாப் பொருள்களுக்கும் அதுவே வயதென்று ஆகிவிடாது. இதனால்தான் காலக்கணிப்புப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் நடக்கிறது. அந்த விவாதத்தை உணர்ச்சியால் அன்றி அறிவால் பின்தொடர்வதே அறிவியல் மாணவனுக்கு அழகு.

உறைகிணறு பற்றிய காட்சியின் முன் தந்தையார் நின்றுவிட்டார். சுடுமண் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிணறு அது. "இத எப்படி இறக்கினாங்கன்னு போட்டிருக்காப்பா?" என்று கேட்டார். "இல்லையேப்பா" என்றேன். அவரே சொல்லத் தொடங்கினார். "மணல்ல குழிய வெட்டிட்டு உறைய வைக்க முடியாது, சரிஞ்சிரும். மொதல்ல உறைய மேல வச்சிரணும். உள்ள உக்காந்து அடிமண்ண ஒரே சீரா எடுத்தா, உறை தன் கனத்துலயே எறங்கும். அது எறங்க எறங்க அடுத்த உறைய மேல வைக்கணும். ஒரு பக்கம் கூட எடுத்தா சாஞ்சிரும், அப்புறம் நிமிர்த்த முடியாது."

எங்களுக்குப் பின்னால் நின்ற பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியை ஒருவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பிள்ளை, "உள்ளே மூச்சு முட்டாதா தாத்தா?" என்று கேட்டது. "ஒரு விளக்க எறக்கிப் பாத்துட்டுத்தான் ஆள் எறங்கணும்யா. விளக்கு அணஞ்சா ஆள் எறங்கக் கூடாது" என்றார். கரியமில வாயு காற்றைவிடக் கனமானது, ஆழத்தில் தங்கும் என்று நான் தேர்வில் எழுதிய விடையை அவர் உயிரைப் பணயம் வைத்துக் கற்றிருக்கிறார். பழங்கால வைகைக் கரையில் உறை இறக்கியவர்களும் இதே முறையைக் கையாண்டிருக்கலாம். இது என் ஊகமே. ஆனால் மணல் அன்றும் இன்றும் ஒரே மாதிரிதான் சரிகிறது.

நாம் செய்ய வேண்டியவை

நம் மாணவர்களில் பலர் என்னைப் போலவே குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வந்தவர்கள். பெற்றோரின் தொழிலைச் சொல்லத் தயங்குகிறவர்களும் நம்மிடையே உண்டு. குயவரும், கொல்லரும், நெசவாளரும், கிணறு வெட்டுவோரும் செய்த பொருள்களே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கின்றன. ஈராயிரம் ஆண்டுகள் கழித்தும் போற்றத்தக்க அறிவு நம் வீட்டில் இன்றே இருக்கும்போது, அதைக் கேட்டு எழுதிவைக்க நமக்கென்ன தயக்கம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிணறு தோண்டும்போதும் நிலம் உழும்போதும் முதுமக்கள் தாழிகள் வெளிப்படுவது நம் பக்கத்தில் புதிதல்ல. "அரசு வந்தால் நிலம் போய்விடும்" என்ற அச்சத்தில் உடைத்து மூடிவிடுவோர் உண்டு. மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதையும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் கூறுகிறது. அரசு அப்பொருளை எடுத்துக்கொண்டால் அதற்கு விலை தரவும் அச்சட்டத்தில் வழியுண்டு. இதை ஊரார்க்கு எடுத்துச் சொல்லப் படித்த பிள்ளைகளைவிடத் தகுந்தவர் யார்? உடைந்த தாழியை எந்த ஆய்வகமும் மறுபடி படிக்க இயலாது.

எனவே ஆசிரியப் பெருமக்களுக்குப் பணிவான வேண்டுகோள் ஒன்று: ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு துறையும் மாணவர்களை உள்ளூர்க் காட்சிசாலை ஒன்றுக்கு அழைத்துச் செல்லட்டும். பேருந்துச் செலவு சிறிது. கிடைக்கும் பாடம் பெரிது. நண்பர்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: செல்லுமுன் விடுமுறை நாளை விசாரித்துக் கொள்ளுங்கள். கையில் ஒரு குறிப்பேடு கொண்டு செல்லுங்கள். எல்லாவற்றையும் பார்க்க ஓடாமல் பத்துப் பொருள்களை நின்று பாருங்கள். முடிந்தால் வீட்டுப் பெரியவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். பேழைக்கு அருகிலுள்ள அட்டையில் இல்லாத செய்தி அவரிடம் இருக்கக் கூடும்!