காணாமற்போன உந்தம்

உயர்தரப் பௌதிகவியலில் உந்தக் காப்பு விதியை மோதும் கோளங்களைக் கொண்டு கற்றேன். எவராலும் நேரில் பார்க்க முடியாத ஒரு திரவத்தை ஆராயவும் அதே விதி உதவுகிறது என அறிந்து வியந்தேன்.

ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் ஈயக் கருக்களை ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் மோதவிடுகிறார்கள். அப்போது புரோத்தன்களும் நியூத்திரன்களும் உருகி, குவார்க்கு-குளுவோன் பிளாஸ்மா உண்டாகிறது. சூரியனின் மையத்தைவிட 1 இலட்சம் மடங்குக்கும் அதிகமாக வெப்பமான இப்பிளாஸ்மா, உண்டான கணமே மறைந்துவிடுகிறது. அப்படியாயின் அதை எவ்வாறு சோதிப்பது?

அதே மோதலில் பிறக்கும் துணிக்கைத் தாரைகளே கருவி. இரு குவார்க்குகள் எதிரெதிர்த் திசைகளில் சம அளவான உந்தத்துடன் புறப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு தாரையாகிறது. அவை விளிம்புக்கு அருகில் பிறந்தால் ஒன்று எளிதில் வெளியேறும். மற்றையது பிளாஸ்மாவை ஊடறுக்க வேண்டும். வழியில் அது மோதிச் சிதறி, குளுவோன்களைக் காலி, சக்தியை இழக்கிறது. பிளாஸ்மா அடர்த்தியானால் இழப்பும் அதிகம். 2010இல் அட்லஸ் பரிசோதனை இத்தகைய சமனற்ற தாரைச் சோடிகளைக் கண்டது.

விதி பொய்த்ததா? இல்லை. தாரைக்கு வெளியே அகன்ற கோணங்களில் சென்ற சிறுசக்தித் துணிக்கைகளையும் 2011இல் சீ.எம்.எஸ். குழுவினர் கூட்டிப் பார்த்தனர். உந்தம் சமப்பட்டது.

கணக்குக் குறையும்போது, விதியைச் சந்தேகிக்குமுன் கூட்டாமல் விட்ட சிறியவற்றைத் தேட வேண்டும் என்பதே நான் இதிலிருந்து பெற்ற பாடம்.