திண்டுக்கல்லில் கண்டதும் உண்டதும்

ஓரூரை அறிய விரும்பும் மாணவர், அங்குள்ளார் எதனைச் செய்து பிழைக்கின்றனர், எதனை உண்கின்றனர் என்பவற்றை முதற்கண் நோக்கல் வேண்டும். அரசர் பெயரும் போர் நிகழ்ந்த ஆண்டும் நூல்நிலையத்திலேயே கிடைக்கும். ஏனையவற்றிற்குக் கால்நடையாக அலைந்தே தீரவேண்டும். இம்முறையைக் கைக்கொண்டு நாம் திண்டுக்கல்லையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் சின்னாள் சுற்றி வந்தோம்.

சமநிலத்தின் நடுவே, பெருந்திண்டொன்றை எடுத்து வைத்தாற்போல மொட்டைப் பாறை நிற்கின்றது. ஊர்ப்பெயரின் காரணம் இதுவே. பாறையில் வெட்டிய படிகளின் வழியே உச்சியை அடைந்தோம். ஒரு பக்கம் சிறுமலை, மறுபக்கம் பழனிமலைத் தொடர். மதுரைக்கும் கொங்கு நாட்டிற்கும் இடைப்பட்ட வழி இவ்விரண்டிற்கும் நடுவே செல்கின்றது. பாறையைக் கைக்கொண்டவன் அவ்வழியையும் கைக்கொண்டான். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் இங்குக் கோட்டை கட்டியதும், 1755இல் மைசூர் அரசின் சார்பில் இவ்வூரை ஆளவந்த ஹைதர் அலி பிரெஞ்சுக்காரர் துணையுடன் ஆயுதசாலை அமைத்ததும், 1790இல் ஆங்கிலேயர் இதனைப் பிடித்ததும் அப்பாறையின் மேல் நின்று நோக்கினாலன்றி நன்கு விளங்கா. 1772இல் சிவகங்கையை இழந்த இராணி வேலு நாச்சியார் துணை தேடி வந்ததும் இப்பக்கத்திற்கே.

கோட்டையினும் நம்மை நெடுநேரம் நிறுத்தியது பூட்டுப் பட்டறை. நாகல்நகரிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் இத்தொழில் நடைபெறுகின்றது. மாங்காய் வடிவில் அமைந்த பூட்டு முதலாகப் பல வகை உண்டு. உள்ளே ஒன்றன்மேலொன்றாக மெல்லிய நெம்புதகடுகள் அடுக்கப்பட்டுள்ளன. சாவியின் பற்கள் ஒவ்வொரு தகட்டையும் அதற்குரிய உயரத்திற்குத் தூக்கும். எல்லாத் தகடுகளின் வெட்டுவாய்களும் ஒரே நேரில் வந்தபோதுதான் தாழ் நகரும். ஒரு தகடு மயிரிழை தாழ்ந்தாலும், மயிரிழை உயர்ந்தாலும் தாழ் அசையாது. இந்நுட்பத்தை அளவுகோலின்றி அரத்தாலும் கண்ணாலும் செய்து முடிக்கின்றனர். நாம் கண்ட முதியவர் ஒருவர், தகட்டைத் தேய்ப்பதும் சாவியை இட்டுத் திருப்புவதும் மீளவும் தேய்ப்பதுமாக இருந்தார். இரும்பு பேசும் ஒலியைக் கேட்டே குறை இன்ன இடத்தில் உள்ளதென்று அறிவாராம்.

“தம்பிகளே, இதைக் கற்க என் பிள்ளைக்குப் பொறுமையும் இல்லை, கற்றால் கூலியும் இல்லை,” என்றார். அவரைக் குறைகூற நமக்கு வாய் வரவில்லை. இயந்திரத்தில் செய்த அலிகார்ப் பூட்டு குறைந்த விலையில் கடைக்கு வருகின்றது. தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் 1957 முதல் உண்டு. 2019இல் திண்டுக்கல் பூட்டிற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும். அரம் பிடிக்கும் கையை அதனால் காக்கவியலுமா என்பது வேறு. பெயருங்கூட இவ்வூருக்கு எக்காலத்தும் வாய்த்ததன்று. முற்காலத்து ஆங்கிலேயர் விரும்பிப் புகைத்த திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் இலை விளைந்தது திண்டுக்கல் பக்கத்து வயல்களில்.

நண்பகலில் பிரியாணி உண்டோம். நீண்ட அரிசியை இவ்வூரார் மதிப்பதில்லை. சீரகம் போன்ற சிறுமணியுடைய சீரகச்சம்பாவே வேண்டும். அது இறைச்சியின் சாற்றை உள்வாங்கியும் குழையாது நிற்கும். 1957இல் இங்குக் கடை திறந்த நாகசாமி நாயுடு என்பார் தலைப்பாகை அணிந்திருந்தமையால், அத்தலைப்பாகையே கடைக்கும் பெயராயிற்று. உண்ட மயக்கத்தில் நம்மவர் இருவர் சின்னாளபட்டிச் சுங்குடிச் சேலை நெசவைக் காண வர மறுத்தனர். வத்தலக்குண்டில், ‘கமலாம்பாள் சரித்திரம்’ எழுதிய ராஜம் ஐயர் பிறந்த ஊரென்று சிறிது நின்றோம்.

இறுதியாகப் பழனிச் சாலையில் விருப்பாச்சியை அடைந்தோம். 1801இல் ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்ட கோபால நாயக்கரின் பாளையம் இது. இவ்வூர்ப் பெயரைத் தாங்கிய மலைவாழையே பழனிப் பஞ்சாமிர்தத்தின் உயிர். நீர்ச்சத்துக் குறைந்த பழமாதலின், துளி நீருஞ் சேர்க்காது சர்க்கரை, தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலம் இவற்றோடு பிசைந்த அமுது நெடுநாள் கெடாதிருக்கின்றது. முடிக்கொத்து நோயால் இவ்வாழைத் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தொழிந்தன. நோயற்ற கன்றுகளைத் திசுவளர்ப்பு முறையில் உண்டாக்கி மலைச்சரிவில் மீண்டும் நட்டு வருகின்றனர். பழம் சிறியது, தோல் தடித்தது. வாயிலிட்டாலோ தனி மணம். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தம் இரண்டு டப்பா வாங்கினோம். விடுதி வந்து சேர்ந்தது ஒன்றே.