நத்தைக் கூட்டில் குடியிருக்கும் வண்ண மீன்

வயல் வரப்பில் காய்ந்து கிடக்கும் நத்தைக் கூட்டை யாரும் பொருட்படுத்துவதில்லை. அத்தகைய கூட்டையே வீடாகக் கொண்டு, அதற்குள்ளேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் மீன்கள் ஆப்பிரிக்காவில் உண்டு. தான்சானியா, காங்கோ, புருண்டி, ஜாம்பியா ஆகிய நாடுகளின் எல்லையில் உள்ள டாங்கனிகா ஏரியில் வாழும் சிக்லிட் மீன்களே அவை. நம் குளங்களில் காணும் ஜிலேபிக் கெண்டையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

இவற்றுள் 'மல்ட்டிபேசியேட்டஸ்' என்னும் இனம் புதிதாக வளர்ப்போருக்கு ஏற்றது. ஆண் மீன் 4 முதல் 5 செ.மீ. வரையும், பெண் மீன் சுமார் 3 செ.மீ. வரையும் வளரும். உடல் முழுவதும் பட்டை பட்டையாகக் கோடுகள் இருக்கும்.

தண்ணீர்

டாங்கனிகா ஏரியின் நீர் கடினமானது, காரத்தன்மை உடையது. கார அமில நிலை 8 முதல் 9 வரை இருக்க வேண்டும். சோப்பு நுரைக்காத கிணற்று நீர் பல வண்ண மீன்களின் இனப்பெருக்கத்துக்கு ஆகாது. இம்மீனுக்கோ அது பொருந்தும். ஆனால் கடின நீர் வேறு, உவர் நீர் வேறு. வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும் நீரைத் தவிர்க்க வேண்டும். மண் பரிசோதனை நிலையத்தில் பாசன நீரை ஆய்வுக்குக் கொடுத்தால் விவரம் தெரிந்துவிடும்.

தொட்டி அமைத்தல்

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் உள்ள கண்ணாடித் தொட்டி ஒரு குடும்ப மீன்களுக்குப் போதும். மணலும் நீரும் நிரப்பினால் எடை சுமார் 65 முதல் 70 கிலோ வரும். ஆகவே ஆட்டமில்லாத, சமமான மேசையில், தெர்மாகோல் பலகை விரித்து வைக்க வேண்டும். நேர் வெயில் படக்கூடாது.

நன்கு சலித்துக் கழுவிய நைசான மணலை 5 செ.மீ. கனத்துக்குப் பரப்ப வேண்டும். மீன்கள் மணலைத் தோண்டிக் கூட்டைப் பாதி புதைத்துக்கொள்ளும் இயல்புடையவை. சரளைக்கல் போட்டால் இது நடவாது.

4 முதல் 5 செ.மீ. அளவுள்ள வெற்று நத்தைக் கூடுகள் 15 முதல் 20 வரை தேவை. மருந்து தெளித்த வயல்களில் பொறுக்கக் கூடாது. கூடுகளைக் கொதிக்க வைத்து, உள்ளே சதை ஏதும் தங்காமல் கழுவி, வெயிலில் உலர்த்திப் போட வேண்டும். சிறிது சதை தங்கினாலும் அழுகி நீர் கெட்டுவிடும்.

அவசரம் கூடாது

காற்றுக் கருவியுடன் பஞ்சு வடிகட்டி ஒன்றைப் பொருத்தி, தினமும் ஒரு சிட்டிகை தீவனம் தூவி, மீன் விடாமல் சுமார் 4 வாரம் ஓடவிட வேண்டும். மீன் கழிவில் உண்டாகும் அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் பஞ்சில் பெருக இந்த அவகாசம் தேவை. கார நீரில் அம்மோனியாவின் நச்சு அதிகம். பரிசோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லை என்று தெரிந்த பின்பே 6 முதல் 8 இளம் மீன்களை விடலாம்.

பராமரிப்பு

பொடித்த தீவனம், ஆர்ட்டீமியா குஞ்சு, டாப்னியா ஆகியவற்றைத் தினம் இருமுறை சிறிதளவு கொடுக்கலாம். வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்ற வேண்டும். குழாய் நீரானால் குளோரின் நீங்கக் காற்று செலுத்தி 24 மணி நேரம் வைத்திருந்து ஊற்ற வேண்டும். வெப்பம் 24 முதல் 27 டிகிரி நல்லது. கோடையில் தொட்டியைக் குளிர்ந்த அறையில் வைத்து, வலை மூடி போட்டு, நீர்ப்பரப்பில் விசிறிக் காற்று படச் செய்யலாம்.

பெண் மீன் கூட்டுக்குள் முட்டையிட்டுக் காவல் காக்கும். பெரிய மீன்கள் தம் குஞ்சுகளைத் தின்பதில்லை. பல தலைமுறைகள் ஒரே தொட்டியில் கூடி வாழும். கூடுகளை அடிக்கடி கிளறக் கூடாது. மீன் பிடிக்க வலை பயன்படாது. வலையைக் கண்டதும் அவை கூட்டுக்குள் புகுந்துவிடும். கூட்டோடு எடுப்பதே வழி.

கவனிக்க வேண்டியவை

ஓர் ஈட்டில் கிடைக்கும் குஞ்சுகள் குறைவு, வளர்ச்சியும் மெதுவு. எனவே கடன் வாங்கிப் பல தொட்டிகள் வைப்பது உசிதமல்ல. ஒரு தொட்டியில் தொடங்கி, சென்னை கொளத்தூர் போன்ற வண்ண மீன் சந்தைகளில் வாங்குவோரை விசாரித்து உறுதி செய்த பின் விரிவாக்கலாம்.

மிஞ்சிய மீன்களைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடவே கூடாது. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபிக் கெண்டை நீர்நிலைகளில் பரவி நாட்டு மீன்களுக்குப் போட்டியானதை விவசாயிகள் அறிவார்கள். தொட்டி மீன் தொட்டியிலேயே இருப்பதுதான் வளர்ப்போருக்கும் ஊருக்கும் நல்லது.