ஹவுஸ்கீப்பிங் படிக்கப் போகிற மயிலிட்டிப் பிள்ளைக்கு

மயிலிட்டியில் பெரிய ரிசோர்ட் ஹோட்டல் எதுவும் இல்லை. கடல் இருக்கிறது. 1990 ஜூனில் போரில் விட்டுவிட்டு ஓடி, 27 வருடம் கழித்து 2017 ஜூலையில் கையில் கிடைத்த துறைமுகம் இருக்கிறது. பக்கத்தில் காங்கேசன்துறையில் இராணுவம் நடத்துகிற தல்செவன விடுதி இருக்கிறது. கடற்கரை நீளத்துக்குப் பெரிய ஹோட்டல்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்க வேண்டுமென்றால் பாசிக்குடா, நிலாவெளி, பெந்தோட்டை என்று வீட்டை விட்டுக் கிளம்பத்தான் வேண்டும்; அதற்கும் அப்பால் மாலைதீவு. ஆகவே 'எங்கே பழகுவது' என்ற கேள்விக்குள்ளேயே 'எங்கே போய் இருப்பது' என்ற கேள்வியும் அடங்கியிருக்கிறது.

தெற்குக் கரையோர ஹோட்டல் ஒன்றில் ரூம் போயாகச் சேர்ந்து சுப்பர்வைசராக விலகி வந்தவன் நான். இப்போது ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருவராவது இதைப் பற்றிக் கேட்டு வருகிறார்கள். எல்லாருக்கும் சொல்வதையே இங்கே எழுதி வைக்கிறேன்.

வீட்டில் முதலில் கிளம்புவது சம்பளக் கேள்வி அல்ல. "சாதாரண தரம் பாஸ் பண்ணிப்போட்டு ஆற்றையோ கக்கூஸைக் கழுவப் போறியே பிள்ளை?" என்ற கேள்வி. யாழ்ப்பாணத்தில் துப்புரவு வேலையைச் சாதியோடு ஒட்டிப் பார்த்தே பழகிவிட்டோம். அதை மறைத்துப் பேசிப் பயனில்லை. ஆனால் இதே கேள்வியைக் கேட்கிற வீட்டில் பெரியப்பா ஒருவர் பரிசிலோ சூரிச்சிலோ விடிய நாலு மணிக்கு எழும்பி அலுவலகங்களில் மொப் போட்டு அனுப்பிய காசில்தான் தளம் போட்டிருக்கும். அங்கே செய்தால் உழைப்பு, இங்கே செய்தால் மரியாதைக் குறைவு. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வீட்டுக்காரரோடு சண்டை பிடிக்காமல், என்.வி.கியூ. நாலாம் மட்டச் சான்றிதழ் எடுக்கிற தொழில் இது என்று சொல்லிப் பாருங்கள். மின்னிணைப்பாளருக்கும் தையல்காரருக்கும் கிடைக்கிற அதே தேசிய தொழில் தகைமைதான் இதற்கும் உண்டு.

எங்கே படிப்பது என்று பார்க்க முன், எதைப் படிப்பது என்று தெரிய வேண்டும். ஹவுஸ்கீப்பிங் என்பது ஒரு வேலை அல்ல, மூன்று. அறை, பொது இடம், லோண்டரி.

அறைகளில் வேலை செய்கிறவருக்கு ஒரு வேலை நேரத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு அறை வரை விழும். விருந்தினர் வெளியேறிய அறைக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும், தங்கியிருப்பவரின் அறைக்கு இருபது நிமிடம். கூட்டிப் பார்த்தால் குனிந்த முதுகு நிமிர நேரமில்லை. டிப்ஸ் கிடைப்பது இங்கேதான். சந்தேகம் விழுவதும் இங்கேதான்: காணாமல் போன மணிக்கூட்டுக்கு முதலில் கேள்வி கேட்கப்படுவது ரூம் போயிடம்தான். கட்டிலுக்கடியில் ஒரு தோட்டைக் கண்டெடுத்தாலும் அறை இலக்கம், நேரம் எழுதி அப்போதே ஒப்படைக்கிற பழக்கத்தை முதல் கிழமையிலேயே பிடிக்க வேண்டும்.

பொது இடம் என்றால் லொபி, நடைவழி, பொது மலசலகூடம், நீச்சல் தடாகத்தைச் சுற்றிய தரை. டிப்ஸ் இல்லை. பெரும்பாலும் இரவு வேலை, ஏனென்றால் சலவைக்கல் தரையை மெஷினால் தேய்க்க விருந்தினர் நித்திரைக்குப் போக வேண்டும். எல்லாரும் தாழ்வாக நினைக்கிற பகுதி இதுதான். என் எண்ணம் வேறு. பல நாடுகளில் விமான நிலையம், ஆஸ்பத்திரி, கடைத்தொகுதி எல்லாம் தேடுவது இந்தப் பொது இடத் துப்புரவு தெரிந்தவரைத்தான். கட்டில் விரிப்பின் மூலையை 45 பாகையில் மடிக்கத் தெரிந்தவனுக்கு ஹோட்டலில் மட்டும் வேலை. தரை மெஷினையும் இரசாயனத்தையும் கையாளத் தெரிந்தவனுக்கு எங்கேயும் வேலை. பயிற்சியில் மூன்றையும் சுற்றிக் காட்டுகிற இடமாகத் தேடுங்கள்.

லோண்டரியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சூடு, சத்தம், துவாய் மலை.

ஒரு பயிற்சி நிலையம் நல்லதா என்று பார்க்க என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது. போய் அவர்களுடைய துடைக்கும் துணிகளைக் காட்டச் சொல்லுங்கள். சிவப்பு மலசலகூடக் கோப்பைக்கு, மஞ்சள் கைகழுவும் தொட்டிக்கு, நீலம் அறைத் தளபாடத்துக்கு, பச்சை சாப்பாட்டுப் பகுதிக்கு என்பது பரவலான ஒழுங்கு. ஹோட்டலுக்கு ஹோட்டல் நிறம் கொஞ்சம் மாறலாம், பிரிவினை மாறாது. நாலு நிறத் துணியும் பாவித்த அழுக்கோடு இருந்தால் அங்கே படிப்பு நடக்கிறது. பளபளவென்று கண்ணாடி அலுமாரிக்குள் இருந்தால் அது கண்காட்சி. அடுத்ததாக இரசாயனம். எங்கள் பக்கத்து ஹோட்டல்கள் பலவற்றில் டாஸ்கி ரகம் இருக்கும்: ஆர் 1 குளியலறைக்கு, ஆர் 2 பொதுவான மேற்பரப்புக்கு, ஆர் 3 கண்ணாடிக்கு, ஆர் 6 மலசலகூடக் கோப்பைக்கு. எதை எவ்வளவு தண்ணீரில் கலப்பது, ஊற்றிய பின் எத்தனை நிமிடம் விடுவது என்று சொல்லித்தராத ஆசிரியர் தும்புத்தடி பிடிக்கத்தான் கற்றுத்தருகிறார். அது அம்மாவிடமே படித்திருப்பீர்கள்.

எனக்கு அதைச் சொல்லித்தர ஒருவரும் இருக்கவில்லை. பெயர் வேண்டாம், நான் முதல் வேலை செய்த சிறிய விடுதி ஒன்றில், மஞ்சள் கறை போகவில்லையென்று ஹாப்பிக் ஊற்றிய கோப்பைக்குள்ளேயே குளோரொக்ஸையும் ஊற்றினேன். அமிலமும் வெளிற்றியும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். யன்னல் இல்லாத குளியலறை. மூச்சு அடைத்து, கண் எரிந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். இரண்டு நாள் இருமல். அன்றைக்கு அரை நாள் சம்பளம் வெட்டினார்கள்.

இனித் தெரிவுகள். அரசாங்க வழியில் இரண்டு வாசல். தொழிற்பயிற்சி அதிகார சபையில் வகுப்பறையும் பயிற்சி அறையுமாகப் படித்து, பிறகு ஹோட்டல் ஒன்றுக்கு நேரடிப் பயிற்சிக்குப் போவீர்கள். நைட்டா என்று சொல்கிற தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை இதைத் தலைகீழாகச் செய்கிறது: முதலே ஹோட்டலோடு ஒப்பந்தம் எழுதி, வேலை செய்துகொண்டே பழகுவது. கையில் கொஞ்சம் உதவிப்பணமும் வரும். வகுப்பில் உட்காரப் பொறுமை இல்லாத பிள்ளைக்கு நைட்டா. முன்னனுபவமே இல்லாமல், ஆங்கிலத்துக்கும் பயந்துகொண்டு நிற்கிற பிள்ளைக்குத் தொழிற்பயிற்சி அதிகார சபை வகுப்பு. இரண்டும் போய்ச் சேர்வது என்.வி.கியூ. சான்றிதழில். மூன்றாம் மட்டம் என்றால் ஒருவரின் மேற்பார்வையில் செய்வீர்கள், நாலாம் மட்டம் என்றால் தனியே செய்வீர்கள் என்று பொருள். ஏற்கெனவே வருடக்கணக்காக விடுதிகளில் வேலை செய்தவர்கள் திரும்ப வகுப்புக்குப் போகத் தேவையில்லை. முன் கற்றலை அங்கீகரிக்கிற முறையில் மதிப்பீட்டாளர் முன் செய்துகாட்டிச் சான்றிதழ் எடுக்கலாம். ஊரில் பலருக்கு இது தெரியாது.

கொழும்பு காலி வீதியில் இருக்கிற இலங்கை சுற்றுலா மற்றும் ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனம் இந்தத் துறையின் தாய்வீடு. 1960களில் சிலோன் ஹோட்டல் ஸ்கூலாகத் தொடங்கியது. வேறு மாவட்டங்களிலும் கிளைகள் உண்டு. பெயருக்கு மதிப்பு அதிகம். கட்டணமும் வெளியூரில் தங்குகிற செலவும் உங்கள் பக்கம். ஒருநாள் ஹவுஸ்கீப்பராக, பகுதித் தலைவராக வர வேண்டும் என்று நினைப்பவர் அந்தச் செலவைச் செய்யலாம். வேலையில் சேர மட்டும் என்றால் அவ்வளவு தேவையில்லை.

தனியார் கல்லூரிகளின் 'மூன்று மாத சர்வதேச டிப்ளோமா' சுவரொட்டிகளைக் கண்டால் இரண்டு கேள்வி கேளுங்கள். நிறுவனம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா? நீங்கள் படிக்கப்போகிற அதே கோஸ் அங்கே அங்கீகாரம் பெற்றதா? இரண்டும் வேறு வேறு. பதிவு இருந்தும் கோஸுக்கு அங்கீகாரம் இல்லையென்றால், கடைசியில் உங்களுக்குக் கிடைப்பது அவர்களுடைய கடுதாசிதான், என்.வி.கியூ. அல்ல. முதல் கேள்விக்கு 'ஓம்' என்று பலமாகச் சொல்லிவிட்டு இரண்டாவதைத் தாண்டிப் போவார்கள்.

நேரே ஹோட்டலில் பயிலுநராகச் சேர்வதென்றால் கிழக்கா தெற்கா என்று பாருங்கள். பாசிக்குடாவிலும் நிலாவெளியிலும் தமிழிலேயே சமாளிக்கலாம். பெண்பிள்ளையை அனுப்பத் தயங்குகிற வீட்டுக்கும் அது ஒரு ஆறுதல். தெற்கில் சுப்பர்வைசர் சிங்களத்தில்தான் கத்துவார். நான் அந்த மொழியை அப்படித்தான் படித்தேன், இன்றைக்கும் கோபமாகப் பேசத்தான் நன்றாக வரும். ஆனால் சிங்களமும் ஆங்கிலமும் சேர்ந்து வந்த பிறகுதான் எனக்குப் பதவி உயர்வு வந்தது. பருவமும் முக்கியம். கிழக்கில் சித்திரை முதல் புரட்டாதி வரை கூட்டம், மாரியில் வெறிச்சோடும். தெற்கிலும் மேற்கிலும் கார்த்திகை தொடக்கம் சித்திரை வரை கூட்டம். கூட்ட நேரத்தில் சேர்ந்தால் ஒருவரும் சொல்லித்தர மாட்டார்கள், ஓட மட்டும் விடுவார்கள். பருவம் தொடங்க இரண்டு மாதம் முன்பு சேருங்கள். அப்போதுதான் திரைச்சீலை கழற்றி, மெத்தை புரட்டி, கம்பளம் கழுவி முழு வேலையையும் நிதானமாகக் காட்டுவார்கள்.

யாழ்ப்பாண நகர ஹோட்டல்களில் வீட்டிலிருந்தே போய் வரலாம் என்பது பெரிய வசதி, காலை வேலைக்கு மட்டும். மாலை வேலை முடிய இரவு பத்து, பதினொன்று ஆகும். அந்த நேரத்தில் மயிலிட்டிக்கு பஸ் ஏது? தங்குமிடமோ வாகனமோ தருவார்களா என்று கேட்காமல் சேர்ந்து, இரண்டாம் மாதமே நின்ற பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

மாலைதீவு கடைசிப் படியாக இருக்கட்டும். ஒரு தீவுக்கு ஒரு ரிசோர்ட் என்ற ஒழுங்கு அங்கே; சாப்பாடும் தங்குமிடமும் ஹோட்டலுடையது, லீவு நாளிலும் அதே தீவுதான். ஆகக் குறைந்தது 10 வீத சேர்விஸ் சார்ஜ் அறவிட்டு ஊழியருக்குப் பகிர வேண்டுமென்று அங்கே சட்டமே இருக்கிறது, அதனால் கைக்கு வருவது இங்கேயைவிட அதிகம். கடலோடு பிறந்த எங்கள் பிள்ளைகளுக்குத் தீவு வாழ்க்கை அவ்வளவு கஷ்டமில்லை என்பதும் உண்மை. ஆனால் அனுபவம் இல்லாமல் போனால் ஆகக் கீழ்ச் சம்பளத்தில் ஒப்பந்தம் எழுதி, காலம் முடியுமட்டும் அங்கேயே நிற்பீர்கள். முகவர் காசு கேட்டால், இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்துக்கு 1989 என்ற இலக்கத்தில் அழைத்து அவருடைய அனுமதிப்பத்திரத்தை விசாரியுங்கள். சுற்றுலா விசாவில் போய்ப் பிறகு மாற்றலாம் என்று சொல்பவரோடு அதற்கு மேல் கதைக்க வேண்டாம்.

எங்கே சேர்ந்தாலும் பயிற்சி முடிந்ததும் நியமனக் கடிதம் கேளுங்கள். 2026 தை மாதத்திலிருந்து நாட்டின் ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதன் மேல் உங்கள் பெயரில் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும், நீங்கள் 8 வீதமும், நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதமும் கட்ட வேண்டும். சேர்விஸ் சார்ஜ் எப்படிப் பகிரப்படுகிறது, உடைந்த கண்ணாடிக்குக் கழிப்பார்களா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள். கேட்டதற்காக ஒருவரையும் நிறுத்தியதை நான் காணவில்லை.

என்னுடைய தம்பி மகன் என்றால் இப்படி அனுப்புவேன்: யாழ்ப்பாணத்தில் என்.வி.கியூ. மூன்றாம் மட்டம், பிறகு மாசி மாதம் சேர்ந்து பாசிக்குடாவில் ஒரு முழுப் பருவம், பிறகு தெற்கில் ஒரு வருடம், நாலாம் மட்டம் எடுத்த பின் வேண்டுமானால் மாலைதீவு. தம்பி மகள் என்றாலும் இதே ஒழுங்குதான்; பாசிக்குடாவுக்கு முன் பெண்களுக்கான தங்குமிடத்தை மட்டும் தாயோடு நேரில் போய்ப் பார்த்து வரச் சொல்வேன்.

விண்ணப்பம் எங்கே என்று கேட்டு என்னிடம் வர வேண்டாம். தெல்லிப்பழைப் பிரதேச செயலகத்தில் மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கேளுங்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரப் பெறுபேறு எல்லாவற்றிலும் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள்.