மாற்றத்திற்கு அஞ்சிய சிறுவன்

முதற் பாடவேளை தமிழ் என்று கால அட்டவணையில் எழுதியுள்ளது. அன்று தமிழாசிரியர் வரவில்லை. வேறோர் ஆசிரியர் வந்து கணக்கேட்டை எடுக்கச் சொல்கின்றார் என வைத்துக்கொள்வோம். மாணவர் சிறிது முணுமுணுத்துவிட்டு ஏட்டை எடுப்பர். ஆனால் ஒருவன் மட்டும் காதுகளைப் பொத்திக்கொண்டு கதறி அழுகின்றான். அவனுக்குக் கணக்கு வாராது என எண்ணற்க. வகுப்பில் அவனே அதில் வல்லவனாகவும் இருக்கலாம். தமிழ் வரவேண்டிய இடத்தில் அது வரவில்லை என்பதே அவன் துயரம்.

இத்தகைய பிள்ளைகளின் இயல்பினை ஆட்டிசம் என்பர். மதியிறுக்கம் என்ற பெயரும் வழங்குகின்றது. அவர்தம் மதி இறுகியதன்று. ஆதலின் அப்பெயர் எனக்கு உவப்பாயில்லை. இது தொற்றுவதன்று, பெற்றோர் வளர்ப்பில் நேர்ந்த பிழையுமன்று. மூளை வளரும் முறையிலேயே அமைந்த ஒரு வேறுபாடு ஆகும்.

அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய லியோ கானர் என்னும் மருத்துவர், 1943-ஆம் ஆண்டில் இவ்வியல்புடைய 11 குழந்தைகளைப்பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவருள் முதலாகக் கூறப்பெற்றவன் டொனால்டு. அவன் மிசிசிப்பி மாநிலத்துப் பாரஸ்ட் என்னும் சிற்றூரில் 1933-இல் பிறந்தவன். பகலில் உறங்கி எழுந்தால், தான் கற்பித்த சொற்களை அன்னை அவ்வாறே சொன்னாலன்றி அவன் கட்டிலை விட்டு இறங்கான். எல்லாம் நேற்றிருந்தவாறே இன்றும் இருத்தல்வேண்டும் என்னும் தணியாத வேட்கையை அக்குழந்தைகளிடம் கானர் கண்டார்.

இவ்வேட்கை வெறும் பிடிவாதமன்று. இருட்டில் படி இறங்கும் ஒருவன், இன்னும் ஒரு படி உண்டென்று காலை வைக்க, அங்கே தரையிருப்பின் அவன் உடல் முழுவதும் திடுக்கிடுகின்றதன்றோ? அடுத்து வருவது இன்னதென அறியாதபோது இப்பிள்ளைகட்கு ஒவ்வொரு நாழிகையும் அத்தகைய படியே ஆகின்றது.

இதனைக் கண்ட பெரியோர் சிலர், போகப்போகப் பழகிவிடும் என்று குழந்தையைப் புதுமைக்குள் திடீரெனத் தள்ளுவர். அதனால் அச்சமே வளரும். வேறு சிலரோ எதனையும் மாற்றாது காப்பர். அப்பொழுது குழந்தையின் உலகம் நாளுக்கு நாள் குறுகும். மழையும் மின்தடையும் நம்மைக் கேட்டு வருவனவல்லவே!

இவ்விரண்டுமல்லாத வழியை ஓர் உழவரும் அவர் மனைவியும் கண்டனர். 1942-இல் டொனால்டு, தன் ஊருக்கு ஏறத்தாழ 10 மைல் தொலைவிலிருந்த அவர்தம் பண்ணையில் வாழச் சென்றான். எதனையும் அளந்து பார்ப்பதில் அவனுக்குத் தீராத விருப்பம். அதனைத் தடுக்காது, கிணறு தோண்டி அதன் ஆழத்தைச் சொல்லுமாறு ஏவினர். சோளப் பயிரின் வரிசைகளை அவன் ஓயாது எண்ணினான். உழுதுகொண்டே எண்ணுக என ஏரைக் கையிற் கொடுத்தனர். 1945-இல் அங்குச் சென்ற கானர், அச்சிறுவன் நீண்ட சால்கள் ஆறு உழுததையும், குதிரையைத் திறம்படத் திருப்பியதையும் கண்டு வியந்தார். எண்ணிக்கை மாறாதது, குதிரையும் மண்ணும் மாறுவன. ஒரு கை பழகியதைப் பற்றியிருக்க, மறு கை புதியதைத் தொட்டது. அவன் பயின்ற நாட்டுப்புறப் பள்ளியும் அவனுடைய விந்தைப் போக்குகளைப் பொறுத்து ஏற்றுக்கொண்டது. உடன் பயின்றோர் அவனை எள்ளி நகையாடியிருப்பின், உழவர் செய்தவற்றுட் பெரும்பகுதி வீணாகியிருக்கும் என்பது என் துணிபு.

இக்காலத்து ஆசிரியரும் அவ்வழியையே வேறு கருவிகளாற் செய்கின்றனர். அன்றைய செயல்களைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டுவர். குழந்தை அதனை நம்பத் தொடங்கியபின், நடுவே ஒரு வினாக்குறி அட்டையை வைப்பர். முதலில் அவ்வினாக்குறிக்குப் பின்னே ஊஞ்சலோ இனிப்போ காத்திருக்கும். பின்னர் விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒன்று. நெடுநாள் கழித்தே சிறிது விரும்பாத ஒன்று. அறியாதது என்றும் தீயதே எனக் கொண்ட உள்ளம் இவ்வாறு மெல்ல நெகிழ்கின்றது. ‘ஒருவேளை’ என்பது நமக்கு எளிய சொல். இப்பிள்ளைகட்கோ அதனினும் அரிய சொல் இல்லை. ஆதலின் மாலையிற் கடற்கரைக்குச் செல்வதாயின், மழையில்லையேல் கடற்கரை, மழை பெய்தால் வீட்டில் விளையாட்டு என இரு படங்களையும் அருகருகே காட்டுவர்.

அழுத அம்மாணவனிடம் திரும்புவோம். பக்கத்தில் இருப்பவன் மணி அடிக்குமுன்னரே, “இன்று தமிழாசிரியர் வரவில்லை, முதலிற் கணக்கு” என்று மெல்லச் சொல்லியிருப்பின் அவன் துயரம் குறைந்திருக்கக்கூடும். “தமிழ் எப்பொழுது?” என அவன் கேட்பான்; பன்முறை கேட்பான். ‘நாளை’ என்று அறியாமல் உறுதி கூறலாகாது; அது பொய்த்தால் பின்னர் எதனையும் நம்பான். “எனக்குத் தெரியாது, தெரிந்தவுடன் சொல்கிறேன்” என்பதே தக்க விடை. சொன்னவாறே சொல்லவும் வேண்டும்.

டொனால்டு 1958-இல் கல்லூரிப் பட்டம் பெற்றார்; தம் ஊர் வங்கியிற் பணிபுரிந்தார்; 27-ஆம் அகவையில் மோட்டார் வண்டி ஓட்டக் கற்றார். அன்னை குறித்த சொல்லைச் சொல்லாவிடில் கட்டிலை விட்டு இறங்காத அவர், பின்னாளில் 30-க்கு மேற்பட்ட அயல்நாடுகளுக்குத் தனியே பயணம் செய்தார். 2023-இல், 89-ஆம் அகவையில் காலமானார். அப்பயணங்களுக்கும் அவர் ஓர் அளவு வைத்திருந்தார்; பெரும்பாலும் ஆறு நாளுக்குமேல் வெளியே தங்கமாட்டார்.